வணிக பீடம் புகும் எம் இளையோர்க்கு

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதுவன பெரும்பாலும் பழைய நினைவுகளாகவே இருக்கக் காண்கிறோம். அதிபரின் பிரம்பும், உதைபந்தாட்ட வெற்றியும், விடுதிச் சாப்பாட்டின் சுவையின்மையும் அவற்றில் தவறாது இடம்பெறும். அவை வேண்டாதன என்று நாம் கூறவில்லை; அவற்றை எழுத எம்மினும் வல்லார் பலர் உளர். நாம் இங்கே பேச விழைவது இனி நடக்கவேண்டியதைப் பற்றி. ஆண்டுதோறும் எமது கல்லூரியின் வர்த்தகப் பிரிவிலே கற்று, உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தி, திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்திற்குச் செல்லும் தம்பிமாருக்கும், அயற் கல்லூரிகளிலிருந்து அவர்களோடு வந்து சேரும் தங்கைமாருக்கும் சொல்லவேண்டியன சில உள. மருத்துவ பீடத்திற்கும் பொறியியற் பீடத்திற்கும் போவோர்க்கு அறிவுரை சொல்ல ஊர் முழுதும் ஆள் உண்டு. வணிக பீடத்திற்குப் போகிறவனிடம் ஊரார் கேட்பது ஒரே கேள்வி: “அது படித்தால் என்ன வேலை?” அக்கேள்விக்கு ஓரளவு விடை பின்னே வரும், ஆயினும் அதுவே முதற் கேள்வியாதல் தகாது என்பது எமது கருத்து.

நீங்கள் செல்லும் இடம் எமக்கு அந்நியமானதன்று. 1921 ஆம் ஆண்டிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் நிலமும் கட்டடங்களுமே 1974 இல் அன்றைய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாயின. பேராசிரியர் க. கைலாசபதி அவர்கள் அதன் முதல் தலைவராயிருந்தார். 1979 தொடக்கம் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று, பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் முதல் துணைவேந்தரானார். இன்றும் வளாகத்தினுள்ளே சிவன் கோயில் இருக்கின்றது; சந்திக்குப் பரமேஸ்வராச் சந்தி என்றே பெயர். ஆகவே ஓர் இந்துக் கல்லூரியிலிருந்து புறப்பட்டு மற்றோர் இந்துக் கல்லூரியின் முற்றத்திலேதான் காலடி வைக்கின்றீர்கள்.

அக்காலத்து இந்துக் கல்லூரிகள் எழுந்த நோக்கத்தை யாவரும் அறிவர். சைவப் பிள்ளைகள் சமயம் மாறாது ஆங்கிலம் கற்கவேண்டும் என்பது ஒன்று. கற்ற ஆங்கிலத்தால் உத்தியோகம் பெறவேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நிறைவேறியது. இரண்டாவதும் நிறைவேறியது, அளவுக்கு மிஞ்சி நிறைவேறிவிட்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. மலாயாவிலும் கொழும்பிலும் எம்மவர் இலிகிதராயும் கணக்கராயும் அமர்ந்து, மாதந்தோறும் ஊருக்கு அனுப்பிய காசிலே குடாநாடு வாழ்ந்தது. மணியோடர்ப் பொருளாதாரம் என்று அதற்குப் பெயரே இட்டுவிட்டனர். பிறர் கணக்கை எழுதுவதில் யாழ்ப்பாணத்தாருக்கு நிகரில்லை என்ற புகழும் எழுந்தது. தம் ஊரின் கணக்கை எழுதியவர் எத்தனை பேர்?

இருந்தனர் சிலர். ஒல்லாந்தர் காலத்திலேயே எம் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பிற்காலத்தில் மலையாளப் புகையிலையை விற்பதற்கென்றே உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மூளாயிலே கூட்டுறவு முறையில் வைத்தியசாலை ஒன்றையே எழுப்பினர். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த வீரசிங்கம் அவர்கள் வகுப்பறையிற் காட்டிய அக்கறையைக் கூட்டுறவு இயக்கத்திலும் காட்டினார். யாழ்ப்பாண நகரத்து வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சவர்க்காரம் செய்து விற்ற மில்க்வைற் கனகராசா அவர்கள் பனம் விதைகளை ஊரூராய்க் கொடுத்து நடச் செய்தார். இவர்களுடைய வணிகம் வகுப்பறையிற் பிறந்ததன்று. ஆனால் வகுப்பறை இவர்களைக் கவனித்ததுமில்லை. எமது கல்லூரிகளில் வர்த்தக வகுப்பு நெடுங்காலம் விஞ்ஞானத்திற்கு இடங்கிடையாதோர் ஒதுங்கும் திண்ணையாகவே இருந்து வந்தது. கலியாணப் பேச்சு எழும்போது மாத்திரம் டொக்டர், எஞ்சினியர் என்ற வரிசையில் எக்கவுண்டனும் திடீரென உயர்ந்துவிடுவான். அந்த மதிப்பு அவன் கல்விக்கன்று, சம்பளத்திற்கு என்பதை அவனும் அறிவான்.

ஆகவே முதலில் வேண்டுவது இது: மூன்றாந்தர இடத்திற்கு வந்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு உள்ளே செல்லாதிருத்தல். 2022 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரலிலே நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. மார்ச்சுத் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்திலே 360 ரூபாவாயிற்று. செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் நூற்றுக்கு எழுபதை எட்டியது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் சனங்கள் வீதியிற் கிடந்தனர். அதற்கு முந்திய ஆண்டு ஒரே கட்டளையால் இரசாயன உரத்தின் இறக்குமதி நிறுத்தப்பட்டது; நெல்லும் தேயிலையும் விழுந்தன. இவையெல்லாம் நோய்க் கிருமியாலோ பாலம் இடிந்ததாலோ நேர்ந்தனவல்ல. கணக்குத் தெரியாமையாலும், தெரிந்தவர் சொல்லாமையாலும், சொன்னவரைக் கேளாமையாலும் நேர்ந்தன. அவற்றை விளங்கிக்கொள்ளும் கல்வி மூன்றாந்தரமானதாக இருக்க முடியாது.

இனி, வளாகத்தின் வாயிலில் உங்களை எதிர்கொள்ளும் ஒன்றைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். பகிடிவதை என்று எம்மவர் அதற்கு இட்ட பெயர் பொருத்தமானது. பகிடி குறைந்து வதையே மிகுந்துள்ளது. 1997 இலே பேராதனையிற் பொறியியல் கற்கப் புகுந்த தமிழ் மாணவரொருவர் அக்கொடுமையால் சிறுநீரகம் செயலிழந்து உயிர் நீத்தார். மறு ஆண்டே, 1998 இன் 20 ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் அது ஒழியவில்லை. ஒழியாமைக்குக் காரணம் அதனைச் செய்வோர் எல்லாரும் கொடியவர் என்பதன்று. ‘நாங்கள் பட்டோம், நீங்களும் படுங்கள்’ என்பதே அங்கே நியாயமாகக் கொள்ளப்படுகிறது. ஒற்றுமை வளரும், கூச்சம் நீங்கும் என்பன போன்ற காரணங்களும் சொல்லப்படும். கூச்சம் நீங்குவதற்கு மேடையும் நாடகமும் விவாதமும் இல்லையா?

அதன் தீமை அவமானத்தோடு முடிவதில்லை. மேலே இருப்பவன் சொன்னாற் செய். ஏன் என்று கேளாதே. பட்டதை அடுத்த ஆண்டு கீழே வருபவனிடம் வட்டியோடு வாங்கிக்கொள்: இதுவே அது கற்பிக்கும் பாடம். விரிவுரை எதுவும் தொடங்குமுன்னே கற்பிக்கப்படும் இந்தப் பாடம் ஏனைய பாடங்களினும் ஆழமாய்ப் பதிந்துவிடுகிறது. வேறு பீடத்து மாணாக்கருக்கும் அது கேடே. ஆனால் பிறர் பணத்தைக் கையாளப் போகிறவனுக்கு அதனினும் பெரிய கேடு இல்லை என்பதற்குக் காரணம் பின்னே சொல்வோம். இப்போது சொல்லத்தக்கது இவ்வளவே: மறுப்பவன் தனித்துப் போவான் என்று அஞ்ச வேண்டாம். மறுத்தவர்கள் நால்வர் சேர்ந்தால் அதுவே ஒரு கூட்டம். பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை: “இரண்டு கிழமைதானே, பொறுத்துக்கொள்” என்று பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். அப்பிள்ளை துணிவுக்கு ஆதரவு தேடியே உங்களிடம் அதைச் சொல்ல வந்திருக்கிறது.

மூத்த மாணாக்கரிடமிருந்து பெறத்தக்க நன்மைகளும் உண்டு. அவற்றுள் தலையாயது ‘குப்பி’. இலங்கைப் பல்கலைக்கழகங்கள் எங்கும் வழங்கும் இச்சொல், விளங்கியவன் விளங்காதவனுக்கு இரவிலே கூட்டியிருத்திச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பைக் குறிக்கும். குப்பி விளக்கின் வெளிச்சத்திற் படித்ததால் வந்த பெயர் என்பர். யாழ்ப்பாணத்தாருக்கு அவ்விளக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளிலே மின்சாரமுமின்றி மண்ணெண்ணெயும் அரிதாயிருந்த காலத்தில், ஜாம் போத்தல் விளக்கிலே பரீட்சைக்குப் படித்த தலைமுறை எம்மிடையே இன்னும் இருக்கிறது. குப்பியிலே கேட்பவனாக மட்டும் இராது, ஒரு பாடத்திலாவது சொல்பவனாக மாறுக. தேய்மானம் என்றால் என்ன என்று பிறனுக்குச் சொல்லப் புகுந்தபோதுதான் அது தனக்கே விளங்கவில்லை என்பது பலருக்குத் தெரியவரும்.

குப்பியை மெச்சும் நாம் ‘நோட்ஸ்’ என்பதை மெச்ச மாட்டோம். தனியார் கல்வி நிலையத்திலே ஐந்நூறு பேரோடு வாங்கில் நெருங்கியிருந்து, ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதி, எழுதியதை மனனஞ் செய்து வந்தவர்கள் நீங்கள். அதனாலேயே இசட் புள்ளியில் முந்தினீர்கள். அதற்காக உங்களைக் குறை கூறோம். ஆனால் அந்தப் பழக்கத்தைப் பரமேஸ்வராச் சந்தியிலேயே இறக்கி வைத்துவிட்டு உள்ளே செல்க. மூன்று ஆண்டுகளுக்கு முன் யாரோ எடுத்த குறிப்பின் நிழற்படப் பிரதியை வைத்துப் பரீட்சை எழுதி, வகுப்புச் சித்தியும் பெற்று வெளியேறியவர்கள் உளர். அவர்களை நேர்முகத்துக்கு அழைத்து, ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையைக் கையிற் கொடுத்து, “இந்தக் கம்பனி காசு உழைக்கிறதா, கடனில் ஓடுகிறதா?” என்று கேட்டால், அறிக்கையை முன்னும் பின்னும் புரட்டுவார்கள். இலாபம் எங்கே இருக்கும் என்று தெரியும். காசுப் பாய்ச்சலை ஏன் பார்க்கவேண்டும் என்று தெரியாது. கொழும்புப் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் ஆண்டறிக்கைகள் எவருக்கும் காசின்றிக் கிடைப்பவை. தவணைக்கு இரண்டாக வாசித்தாலும் நான்காம் ஆண்டு முடிவிலே பதினாறு கம்பனிகளின் உள்வீடு தெரிந்திருக்கும். அந்தப் பதினாறும் எந்த நோட்ஸிலும் இல்லை.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பயம் மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும். தமிழிலே கணக்கீடும் வணிகக் கல்வியும் பொருளியலும் கற்றுவந்தவர்க்கு, திடீரென விரிவுரையும் நூலும் ஆங்கிலமாய் இருப்பது கண்கட்டிக் காட்டில் விட்டது போலவே தோன்றும். இலங்கை மத்திய வங்கியின் ஆண்டு வெளியீடுகள் மும்மொழியிலும் வருகின்றன. தமிழ்ப் பிரதியையும் ஆங்கிலப் பிரதியையும் பக்கத்திற் பக்கம் வைத்து நாளுக்கு இரண்டு பக்கம் வாசித்தவனுக்கு வேறு ஆசிரியர் வேண்டா. ஆனால் எமக்குக் கவலை தருவது மறுபக்கம். நான்கு ஆண்டு கழித்து வெளியே வரும்போது பலர் ஆங்கிலம் கற்றுவிடுகின்றனர். கற்றதைத் தமிழிற் சொல்ல மறந்துவிடுகின்றனர். கேள்வி, நிரம்பல், பேரேடு, ஐந்தொகை, கணக்காய்வு என்றெல்லாம் சொற்களை ஆக்கியும் ஆண்டும் வைத்த தலைமுறைகளின் உழைப்பு வீணன்று. ஐந்தொகையை நிதிநிலைமைக் கூற்று என்று இப்போது மாற்றிவிட்டனர். பழைய சொல்லிலே ஒரு கடைக்காரனின் மணம் இருந்தது. எதுவாயினும், கிளிநொச்சியிலே ஒரு கமக்காரனுக்குக் கடன் பத்திரத்தைப் படித்துக் காட்ட இயலாத பட்டதாரியின் ஆங்கிலத்தால் யாருக்குப் பயன்?

வகுப்பறைக்கு வெளியே உங்களுக்கு இன்னொரு விரிவுரை மண்டபம் உண்டு. வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலே திருநெல்வேலிச் சந்தை இருக்கிறது. பீடங்கட்கு முன்னரே எழுந்து, பீடங்களினும் ஒழுங்காக நடப்பது அது. ஒருநாளாவது வெள்ளாப்பிலே அங்கே போய் நில்லுங்கள். கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய், நீர்வேலிச் செம்மண்ணிலிருந்து கத்தரியும் வெண்டியும் வாழைக்குலையும் வந்திறங்கும். காலையில் ஒரு விலை, மதியத்தில் ஒரு விலை. பாடநூல் சொல்வது போலக் கேள்வியும் நிரம்பலும் சந்திக்கும் புள்ளியை அங்கே காணலாம். பாடநூல் சொல்லாத மற்றொன்றையும் காணலாம். கத்தரிக்காய் காத்திருக்காது, வியாபாரி காத்திருப்பான். திருப்பிக் கொண்டுபோக இயலாத பொருளோடு நிற்பவனும், வாங்காமற் போக இயன்றவனும் பேரம் பேசும்போது, விலை எங்கே முடியும் என்பதைச் சொல்ல வரைபடம் வேண்டா. ஆயிரம் பேர் சேர்ந்து புகையிலைச் சங்கம் அமைத்ததன் பொருள் அப்போது விளங்கும். நூறு கிலோவிலே பத்துக் கிலோவைக் கழிவென்று வெட்டும் வழக்கத்தைப் பற்றிக் குடாநாட்டுச் சந்தைகளிலே நெடுநாளாய்ப் பிணக்கு இருந்து வருகிறது. அந்தப் பத்துக் கிலோ யாருடைய கணக்கில் வரவு, யாருடைய கணக்கிற் பற்று என்று எழுதிப் பாருங்கள். இரட்டைப் பதிவு முறை ஒருபோதும் மறவாது.

அதே சந்தையிலே வயது முதிர்ந்த வியாபாரியொருவரிடம் 2006 ஓகஸ்டின் பின் என்ன நடந்தது என்றும் கேட்கலாம். ஏ-9 வீதி மூடப்பட்டு, பொருளெல்லாம் கப்பலில் வந்த காலம் அது. வீதி 2009 இல் மீண்டும் திறந்தபின் தம்புள்ளையிலிருந்து லொறிகள் வந்தன, விலை இறங்கியது, உள்ளூர்க் கமக்காரனின் வருமானமும் இறங்கியது. நுகர்வோனுக்கு நன்மையும் உற்பத்தியாளனுக்குத் தீமையும் ஒரே லொறியில் வந்திறங்குவதைக் கண்டவன், திறந்த சந்தையைப் பற்றி எந்தப் பக்கத்திலும் எளிதான முடிவுக்கு வரமாட்டான்.

அவ்வீதியால் வந்தவை லொறிகள் மட்டுமல்ல. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் வரிசையாய் வந்தன. நுண்கடன் என்னும் பெயரால், ஈடு எதுவுமின்றி, பெண்களைக் குழுவாக்கி, ஒருத்திக்கு மற்றையோரைப் பிணையாக்கிக் கடன் கொடுத்தன. வீடிழந்து, துணையிழந்து, தொழிலின்றி இருந்த வன்னிப் பெண்களுக்குக் கடன் தேவையாகவே இருந்தது. கடன் கொடுத்தது குற்றமன்று. எப்படிக் கொடுத்தனர் என்பதிலேதான் வணிக மாணாக்கனுக்குரிய பாடம் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அறுபதினாயிரம் ரூபா கடன், பன்னிரண்டு மாதம், நூற்றுக்கு 24 வட்டி. வட்டி 14,400 ரூபா, மொத்தம் 74,400, மாதம் 6,200 ரூபா. “வருஷத்துக்கு இருபத்துநான்கு வீதம்தானே அக்கா” என்று சொன்னால் பொய்யென்று யாரும் சொல்ல இயலாது. ஆயினும் அவள் அறுபதினாயிரத்தை ஓராண்டு முழுதும் வைத்திருக்கவில்லை; முதல் மாதமே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டாள். குறைந்து செல்லும் மிகுதியின் மேற் கணக்கிட்டால் அந்த 24, ஆண்டுக்கு ஏறத்தாழ 42 ஆகிறது. இந்த வேறுபாட்டை முதலாம் ஆண்டு மாணாக்கன் அரை மணி நேரத்திற் கண்டுபிடிப்பான். அவளுக்கு அதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

தவணை பிழைத்தது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். அதைக் கட்ட மூன்றாவது. நகை போயிற்று, ஆடு மாடு போயிற்று, உயிர்களும் போயின. 2018 இலே அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அவ்வாண்டின் முடிவிலே மத்திய வங்கி, தன் அனுமதி பெற்ற நிதிக் கம்பனிகள் நுண்கடனுக்கு அறவிடும் வட்டிக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என்று உச்சவரம்பு இட்டது. அதுகாறும் வரம்பு இருக்கவில்லை என்பதை அதிலிருந்தே அறிந்துகொள்ளலாம்.

இதை நாம் ஏன் இத்துணை விரித்துச் சொல்கிறோம்? அந்தப் பெண்களின் படலையடியிலே மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இருட்டும் வரை காத்து நின்று, பிள்ளைகளின் முன்னிலையிலே தவணை கேட்டவர்கள் வேற்று நாட்டார் அல்லர். எம் ஊர்ப் பிள்ளைகள், எம்போன்ற கல்லூரிகளிற் படித்தவர்கள், சிலர் பட்டதாரிகள். அவர்கள் கொடியவர்களும் அல்லர். மாத இலக்கு ஒன்று மேலிருந்து வந்தது. இலக்கை எட்டாதவனுக்குப் பதவி உறுதியில்லை. மேலே இருப்பவன் சொன்னாற் செய். ஏன் என்று கேளாதே. நாம் முன்னே சொன்ன பாடம் இங்கே வந்து பலித்தது. நீங்கள் பட்டம் பெற்று வெளியேறும்போது முதலிற் கிடைக்கக்கூடிய வேலைகளுள் ஒன்று இதுவேயாகும். அதை ஏற்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வீட்டு நிலைமை எல்லார்க்கும் ஒன்றன்று. ஆனால் 24 என்பது 42 ஆவதை அறிந்தவன் அந்தப் படலையடியிலே என்ன சொல்வான் என்பதை வளாகத்தில் இருக்கும்போதே யோசித்து வைத்திருக்க வேண்டும். அன்று போய் யோசிக்க நேரமிராது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் என்ரோன் கம்பனி 2001 டிசெம்பரிலே முறிந்தபோது, அதன் கணக்காய்வாளர் உலகின் ஐந்து பெரிய நிறுவனங்களுள் ஒன்று. படித்தவர்க்கு அங்கே பஞ்சமில்லை. அதே ஆண்டு ஓகஸ்டிலே ஷெரோன் வொட்கின்ஸ் என்னும் பெண்மணி தம் தலைவருக்கே கணக்கு ஊழலைச் சுட்டிக் கடிதம் எழுதினார். ஏனையோர் வாய் திறக்க ஏன் அஞ்சினர் என்பதை எந்த முகாமைத்துவ நூலும் திருப்தியாக விளக்கியதாக எமக்குத் தோன்றவில்லை. எம் நாட்டிலே 2008 முடிவில் வீழ்ந்த கோல்டன் கீயிலே பணத்தை இட்டவர்களுட் பலர் கற்றவர்களே. சாதாரண வங்கி கொடுக்க இயலாத வட்டியை இவர்கள் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

உங்கள் சொந்தக் கணக்கைப் பற்றியும் ஒரு சொல். மகாபொலப் புலமைப்பரிசில் பெறுவோர் பலர் இருப்பீர்கள். 1981 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அந்நிதியின் ஒரு பகுதி அதிர்ஷ்டலாபச் சீட்டிலிருந்து வருகிறது. சீட்டு வாங்கித் தோற்ற யாரோ ஓர் ஏழையின் காசும் அதில் உண்டு என்று நினைவிருக்கட்டும். முதன்முதல் எழுதவேண்டிய பேரேடு அதனுடையதே. கணக்கீட்டிலே ‘ஏ’ பெற்றவன் மாதக் கடைசியில் நண்பனிடம் பஸ் காசு கேட்பது வேடிக்கையானது; எமது காலத்திலும் அது இருந்தது.

வேலை என்ன என்ற கேள்விக்கு இனி வருவோம். 2017 இலே யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னே வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காய் இருந்து போராடியதைக் கண்டோம். 2020 இலே அரசாங்கம் பட்டதாரிகளைப் பெருந்தொகையாக ஒரே முறையில் பயிலுநராகச் சேர்த்தது. மேசையும் இல்லை, கதிரையும் இல்லை, ஆள் மட்டும் உண்டு என்ற நிலை பல கந்தோர்களில் ஏற்பட்டது. போராடியவர்களை நாம் எள்ளோம். படித்தால் உத்தியோகம் தருவோம் என்று இரண்டு தலைமுறைக்குச் சொல்லி வளர்த்த வீடும் நாடும் அதற்குப் பொறுப்பு. ஆயினும் வணிகம் கற்றவனே அந்த வரிசையின் நீளத்தைக் கணக்கிட்டு, அதில் நிற்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க வல்லவனாக இருக்கவேண்டும். பட்டயக் கணக்காளர் பரீட்சையை முதலாம் ஆண்டிலேயே தொடங்கி இரண்டிலும் இடறுவோரை அடிக்கடி காண்கிறோம். 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தால் எழுந்த அந்த நிறுவகம் எங்கும் ஓடிவிடாது. முதலாண்டில் வளாகத்துக்குரியதைச் செய்க என்பதே எமது துணிபு. இதில் மாறுபட்ட கருத்துடைய நண்பர் சிலர் எம்முடன் வாதிடுவர், வாதிடட்டும்.

உங்கள் வகுப்பிலே தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்கள மாணாக்கரும் முஸ்லிம் மாணாக்கரும் இருப்பர். 2016 ஜூலையிலே ஒரு வரவேற்பு விழாவின்போது மூண்ட கைகலப்பை நாம் மறக்கவில்லை. அருகிலே இருப்பவனிடம் நாளுக்கு ஐந்து சிங்களச் சொல் கேட்டுக் கற்று, ஐந்து தமிழ்ச் சொல் கொடுப்பவன் நட்டப்படமாட்டான். தென்னிலங்கை நகரங்களிலே கடை வைத்திருந்த எம் பாட்டன்மார் எழுத்து அறியாமலே அம்மொழியிற் கணக்குப் பேசி வாழ்ந்தவர்கள்.

இறுதியாக, மாணாக்கர்க்கன்றி எம் சங்கத்து அங்கத்தவர்க்கே ஒரு வேண்டுகோள். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கடையும் களஞ்சியமும் தொழிற்சாலையும் நடத்தும் பழைய மாணவர் பலர் உளர். ஒரு வளாகத்துப் பிள்ளை ஆய்வுக்கென்றோ பயிற்சிக்கென்றோ கடைவாசலில் வந்து நின்றால், “படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு” என்று தேநீரும் பிஸ்கற்றும் கொடுத்து அனுப்பிவிடுவது எம்மவர் உபசாரம். கணக்கைப் பிறர் பார்ப்பது கண்ணூறு என்ற எண்ணமும் உண்டு. வரித் திணைக்களத்துக்குக் காட்டும் புத்தகத்தையாவது அப்பிள்ளைக்குக் காட்டலாம். ஆண்டுக்கு இருவரை, ஒவ்வொரு கடையிலும் மூன்று மாதம், கல்லாப்பெட்டிக்கு அருகில் ஒரு முக்காலியிட்டு இருத்தி வைக்க இணங்குவோரின் பெயர்களை எமது சங்கத்தின் செயலாளர் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே குறித்துக்கொள்ளலாம். அந்த இடாப்பிலே எழுதப்படும் பெயர்களுள் எமதும் ஒன்றாக இருக்கும்.